மோல்டை நொடிகளில் சூடாக்குவது எப்படி?

240 டிகிரி செல்சியஸில் உருகி வரும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், 60 டிகிரியில் இருக்கும் எஃகு மோல்டின் சுவரைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் அந்தக் கணம் என்ன வெப்பநிலை இருக்கும்? இரண்டுக்கும் நடுவில் 150 இருக்கும் என்றுதான் பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் வருவது 70. வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, வெப்ப ஏற்புத்திறன் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், எஃகுக்குக் கிடைக்கும் எண் ஏபிஎஸ்ஸுக்குக் கிடைப்பதைப் போல ஏறத்தாழ 17 மடங்கு. அதனால் இந்த இழுபறியில் எஃகு சொல்வதுதான் நடக்கும். ஏபிஎஸ் 105 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுகிவிடும். 70 டிகிரிச் சுவரில் பட்ட தோல் பட்ட மாத்திரத்தில் உறைந்துபோகிறது; பின்னால் வரும் மெட்டீரியல் அந்த உறைந்த தோலுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் கண்ணில் படும் குறைகளில் பல இந்த உறைந்த தோலின் வேலை. துளை உள்ள ஒரு கறுப்புப் பேனலை எடுத்துக்கொள்ளலாம். துளைக்கான பின்னில் மோதி இரண்டாகப் பிரியும் ஓட்டம் மறுபுறம் வந்து ஒன்று சேர்கிறது. சேரும் இரண்டு முகங்களிலும் ஏற்கெனவே தோல் கட்டியிருப்பதால் அவை ஒன்றோடொன்று முழுதாகக் கலப்பதில்லை. சில மைக்ரான் ஆழத்தில் ‘வி’ வடிவப் பள்ளம் நிற்கிறது. பீஸை டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்தால் துளையிலிருந்து விளிம்புவரை ஒரு மயிரிழை ஓடுவது தெரியும். சில பீஸ்களில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும். இதுதான் வெல்ட் லைன். கண்ணாடி இழை கலந்த நைலானாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: இழைகள் அந்தக் கோட்டைக் குறுக்கே கடக்காமல் கோட்டோடு ஒட்டியே படுத்துவிடும், பீஸ் அந்த இடத்தில்தான் உடையும். மேற்பரப்பில் இழை வெள்ளை வெள்ளையாகப் பூப்பதும், முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்ட மோல்டிலிருந்து மங்கலான பீஸ் வருவதும் இதே காரணத்தால்தான்.

மோல்டைச் சூடாக வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். மேலே சொன்ன அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், தொடும் இடம் 105 டிகிரியில் இருக்க எஃகு 97 டிகிரியில் இருக்க வேண்டும். நடைமுறையில் ஏபிஎஸ்ஸுக்கு 110 முதல் 130 வரை கொண்டுபோகிறார்கள். பாலிகார்பனேட் 145-150 டிகிரியிலேயே இறுகுவதால் அதற்கு இன்னும் மேலே போக வேண்டும். ஆனால் ஏபிஎஸ் பீஸை வளையாமல் தள்ளி எடுக்க அது 90 டிகிரிக்காவது ஆறியிருக்க வேண்டும். 2.5 மி.மீ. கனமுள்ள பீஸ் 50 டிகிரி மோல்டில் ஆற சுமார் 13 நொடி போதும். 97 டிகிரி மோல்டில் அது எத்தனை நேரம் கிடந்தாலும் 90க்கு வராது. இங்கேதான் தொழிற்கூடங்கள் சமரசம் செய்துகொள்கின்றன: மோல்டை 60, 70 டிகிரியில் வைத்து, வெல்ட் லைனைப் பொறுத்துக்கொண்டு, பீஸைப் பெயின்ட் ஷாப்புக்கு அனுப்பி மறைத்துவிடுகிறார்கள்.

சமரசத்தைத் தவிர்க்கும் வழி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் மோல்டைச் சூடாக்கி, நிரப்பி, உடனே குளிர வைப்பது. ஐரோப்பாவில் இதை வேரியோதெர்ம் என்கிறார்கள். ஜப்பானின் ஓனோ சாங்யோ நிறுவனம் ஆர்எச்சிஎம் என்ற பெயரில் இதை விற்றது. ‘ஹீட் அண்ட் கூல்’ என்று சொன்னாலும் இதுதான். திருவொற்றியூரில் எம்ஆர்எஃப் டயர் ஆலையில் இருப்பதுபோன்ற டயர் மோல்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ரப்பர் சூட்டில் வெந்து இறுகுவது, ஆகவே அந்த மோல்டு எப்போதும் சூடாகவே இருக்கலாம். தெர்மோபிளாஸ்டிக்குக்கு மட்டும் நிரம்பும்போது சூடும், இறுகும்போது குளிரும் ஒரே நிமிடத்துக்குள் தேவைப்படுகின்றன.

எவ்வளவு சூடு தேவை என்று பார்த்தால் சிக்கல் எங்கே என்பது தெரிந்துவிடும். 100 கிலோ எஃகை 80 டிகிரி உயர்த்த சுமார் 3,700 கிலோஜூல், அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கொஞ்சம் மேல். அதை 20 நொடியில் ஏற்ற வேண்டுமானால் 180 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். சிறிய மோல்டிங் கூடம் ஒன்றின் மொத்த இணைப்பே அவ்வளவு இருக்காது. அதே மோல்டில் 300க்கு 300 மி.மீ. முகப்பை மட்டும், 10 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் சூடாக்கினால் எடை 7 கிலோ. தேவை 260 கிலோஜூல், அதே 20 நொடிக்கு 13 கிலோவாட். கனத்த தோசைக்கல் காய நேரமாகும், ஆறவும் நேரமாகும். மெல்லிய தவா இரண்டிலும் சட்டென்று மாறும். வேகச் சூடாக்கலில் இருக்கும் அத்தனை முறைகளும் எஃகின் பெரும்பகுதியைத் தொடாமல் மேல்தோலை மட்டும் எப்படிச் சூடேற்றுவது என்ற ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள். ஹீட்டரின் சக்தியைக் கூட்டுவது அதற்கு அடுத்த வேலை.

இந்தக் கேள்வி வடசென்னைக்கு நெருக்கமானது. வள்ளூர் இருக்கும் பொன்னேரி வட்டத்தில், வயலூர், புழுதிவாக்கம் கிராமங்களில், டிட்கோவும் சிப்காட்டும் சேர்ந்து சுமார் 240 ஏக்கரில் தமிழ்நாடு பாலிமர் தொழிற்பூங்காவை அமைத்திருக்கின்றன. பிளாஸ்டிக் தொழிலுக்கென்றே ஒதுக்கிய இடம். தெற்கே எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டின் பழைய ஆலை என்று வண்டித் தொழிலின் நீண்ட பாரம்பரியம். பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம். மோல்டு செய்யவும் ஓட்டவும் ஆள் பயிற்றும் சிப்பெட் 1968 முதல் சென்னையில், கிண்டியில், இருக்கிறது. வாளியும் மூடியும் ஓட்டும் கூடம் ஒன்று கார் டேஷ்போர்டு பேனலுக்கோ, பெயின்ட் இல்லாத பளபளப்புக் கவருக்கோ மாற நினைத்தால், மோல்டு எப்படிச் சூடாகும் என்ற கேள்வியைக் கடந்தே ஆக வேண்டும்.

பெரிய பீஸ்களுக்கு உலகமெங்கும் பரவிய முறை நீராவி. எல்சிடி டிவிகளின் பளபளக்கும் கறுப்புச் சட்டங்கள் இதில்தான் பெருமளவில் வந்தன. சீனாவில் ஷான்டோங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிவி சட்ட மோல்டுகளை வைத்து இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நீராவியின் பலம் அதன் உள்ளுறை வெப்பத்தில் இருக்கிறது. 7 பார் முழு அழுத்தத்தில் நிறைநிலை நீராவி 165 டிகிரியில் இருக்கும். அது மோல்டின் குழாய்ச் சுவரில் பட்டுத் தண்ணீராகும்போது கிலோவுக்கு சுமார் 2,070 கிலோஜூலைக் கொட்டும். சுடுதண்ணீர் 10 டிகிரி ஆறினால் கிலோவுக்குக் கிடைப்பது 42 கிலோஜூல்தான். மேலே கணக்கிட்ட 7 கிலோ எஃகுத் தோலுக்கு, இழப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஷாட் ஒன்றுக்கு 130 கிராம் நீராவி போதும். இன்னொரு வசதி, நீராவி எங்கே சுவர் குளிர்ச்சியாக இருக்கிறதோ அங்கேதான் அதிகம் படிந்து தண்ணீராகும். அதனால் மோல்டு முழுக்கச் சூடு தானாகவே சமமாகிக்கொள்கிறது.

ஓட்டும் வரிசை இப்படிப் போகும். பீஸ் வெளியேறியதும் குழாயில் மிஞ்சிய தண்ணீரை அமுக்கக் காற்று ஊதித் தள்ளும். நீராவி நுழையும். மோல்டு மூடி, முகப்பு குறித்த வெப்பநிலைக்கு வந்ததும் இன்ஜெக்‌ஷன் நடக்கும். நிரம்பி முடிந்ததும் நீராவி வால்வு மூடி, குளிர்நீர் பாயும். பீஸ் ஆறியதும் மறுபடி காற்று. நீராவி, தண்ணீர், காற்று மூன்றும் ஒரே குழாயில் மாறி மாறி ஓடுவதால் வால்வு நிலையம்தான் இந்த அமைப்பின் நோஞ்சான் பிள்ளை. நிமிடத்துக்கு ஒரு ஷாட் என்றால் ஒவ்வொரு வால்வும் நாளொன்றுக்கு 1,440 முறை திறந்து மூடும். 300 நாள் ஓடினால் நான்கு லட்சம் முறைக்கு மேல். சாதாரணத் தண்ணீர் வால்வைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்கும் கூடம் சீக்கிரமே சீல் மாற்றிக்கொண்டு நிற்கும்.

நீராவிக்கு பாய்லர் வேண்டும். பாய்லர் என்றால் சட்டம் வேண்டும். 1923ஆம் ஆண்டின் பாய்லர் சட்டத்தின் இடத்தில் 2025ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. பதிவு, குறித்த காலத்துச் சோதனை, சான்று பெற்ற ஆள் ஆகிய அடிப்படைகள் மாறவில்லை. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுக்கு விலக்கு உண்டு. ஆனால் தொடர்ந்து ஓடும் மோல்டுக்கு அந்த அளவை மட்டும் நம்பித் திட்டமிட முடியாது. வேடிக்கை என்னவென்றால், வள்ளூரில் நீராவிக்குக் குறைவே இல்லை. தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து அமைத்த வள்ளூர் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று இருக்கின்றன. ஆனால் டர்பைனுக்குள் போகும் நீராவி 500 டிகிரிக்கு மேல், நூற்றுக்கும் மேற்பட்ட பார் அழுத்தத்தில் போவது. வேலையை முடித்துக் கன்டென்சருக்கு வருவதோ மோல்டுக்கு உதவாத இளஞ்சூட்டில் வருவது. இடைநிலையில் பிரித்தெடுத்துக் குழாய் போட்டுப் பக்கத்துத் தொழிற்கூடங்களுக்கு விற்கும் ஏற்பாட்டை ஆலை கட்டும்போதே திட்டமிட்டிருந்தால்தான் உண்டு.

நீராவி மோல்டு புதிய சங்கதி என்று நினைப்பவர்கள் ஒரு தெர்மாகோல் கூடத்துக்குள் எட்டிப் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு ஷாட்டுக்கும் மோல்டில் நீராவி பாய்ந்து மணிகளை உப்ப வைக்கும். உடனே தண்ணீர் தெளித்துக் குளிர வைத்துப் பீஸைத் தள்ளுவார்கள். அந்த மோல்டுகள் மெல்லிய அலுமினியச் சுவர் கொண்டவை, பின்னால் காலி அறை. இன்ஜெக்‌ஷன் மோல்டு நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் அவ்வளவு மெலிய முடியாது. ஆனாலும் எடையைக் குறைத்தால் வேகம் வரும் என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றே. பாய்லரை ஏற்கெனவே வைத்திருக்கும் தெர்மாகோல்காரருக்கு இந்தத் தொழிலில் இறங்குவது மற்றவர்களைவிடச் சுலபம்.

பாய்லர் வேண்டாம் என்பவர்களுக்கு அழுத்தச் சுடுநீர். 160 டிகிரியில் தண்ணீர் கொதிக்காமல் இருக்க 6 பாருக்கு மேலும், 200 டிகிரிக்கு 15 பாருக்கு மேலும் அழுத்தம் வேண்டும். ஒரு யூனிட் சூடு, இன்னொரு யூனிட் குளிர், நடுவில் மாற்று வால்வுகள். நீராவியைவிட மெதுவாக ஏறும், ஆனால் ஒரே திரவம் ஓடுவதால் பராமரிப்பு எளிது. சிறிய, நடுத்தர பீஸ்களுக்கு இதுவே போதுமானது. எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அழுத்தம் இல்லாமல் 200 டிகிரிக்கு மேலும் போகும், ஆனால் அதன் வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரில் பாதி, கடத்துதிறன் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. மோல்டை நிலையாகச் சூடாக வைத்திருக்க நல்லது. ஷாட்டுக்கு ஷாட் ஏற்றி இறக்க லாயக்கில்லை.

மின்சார முறையில் எளியது கார்ட்ரிட்ஜ் ஹீட்டர். முகப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்தில் வரிசையாகத் துளை போட்டு ஹீட்டர்களைச் செருகி, அவற்றுக்குப் பின்னாலோ இடையிலோ குளிர்நீர்க் குழாய் ஓட்டுவார்கள். பாய்லர் இல்லை, மாற்று வால்வு இல்லை, சூட்டுக்கு அழுத்தம் தீர்மானிக்கும் உச்சவரம்பும் இல்லை. 200 டிகிரிக்கு மேல் போக வேண்டிய மெட்டீரியலுக்கும் ஒத்துவரும். வள்ளூர்ப் பக்கத்துச் சிறிய கூடம் முதன்முதலாகச் செய்து பார்க்க இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் துளையின் அளவு துல்லியமாக இருக்க வேண்டும். ஹீட்டருக்கும் எஃகுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் சூடு எஃகுக்குப் போகாமல் ஹீட்டருக்குள்ளேயே தேங்கி, கம்பி எரிந்துவிடும். வெறும் டிரில் போட்ட துளையோடு நிறுத்தாமல் ரீமர் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

கடலோரக் கூடத்துக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. கார்ட்ரிட்ஜ் ஹீட்டருக்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடுப் பொடி அடைத்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தீபாவளிக்கு நான்கு நாள் மூடிவிட்டு வந்து சுவிட்சைப் போட்டால் எர்த் லீக்கேஜில் பிரேக்கர் விழும். ஹீட்டர் போய்விட்டது என்று கழற்றி எறிவார்கள். பெரும்பாலும் அது போயிருக்காது. குறைந்த மின்னழுத்தத்தில் மெதுவாகச் சூடேற்றி ஈரத்தை விரட்டினால் திரும்ப வேலை செய்யும். நல்ல கன்ட்ரோலர்களில் இந்த மெதுத் தொடக்கம் உள்ளேயே இருக்கிறது, யாரும் அணைத்து வைக்காமல் இருந்தால் சரி.

இன்டக்‌ஷன் எல்லாவற்றிலும் வேகமானது. செப்புச் சுருளில் உயர் அதிர்வெண் மின்சாரம் பாய்ந்தால் எதிரே இருக்கும் எஃகில் சுழல் மின்னோட்டம் தோன்றி, எஃகே தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். சமையலறை இன்டக்‌ஷன் அடுப்பும் இதே தத்துவந்தான். 30 கிலோஹெர்ட்ஸ் அளவில் இந்த மின்னோட்டம் காந்தத்தன்மையுள்ள எஃகில் ஒரு மி.மீ.யில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ஆழத்தைத் தாண்டுவதில்லை. அதாவது மேல்தோலை மட்டும் சூடாக்க வேண்டும் என்ற தேவையை இயற்பியலே நிறைவேற்றித் தருகிறது. இரண்டு வழிகளில் இதைச் செய்கிறார்கள். திறந்த மோல்டின் நடுவே ரோபோ ஒரு சுருளைக் கொண்டுவந்து நிறுத்தி, சில நொடி சூடாக்கிவிட்டு எடுத்துப்போவது ஒன்று. 2000ல் தொடங்கிய பிரான்ஸின் ராக்டூல் நிறுவனம் செய்வதுபோல மோல்டுக்குள்ளேயே காடி வெட்டிச் சுருளைப் பதிப்பது இன்னொன்று. முதல் வழியில் சூடாக்கி முடித்ததிலிருந்து மோல்டு மூடி நிரம்பும்வரை சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நொடிகளுக்கும் சேர்த்து அதிகமாக ஏற்ற வேண்டும். இரண்டாவதில் மோல்டின் வடிவமைப்பே மாறிவிடும், விலையும் அப்படியே.

இன்டக்‌ஷனின் தலைவலி சீரின்மை. மின்னோட்டம் விளிம்பிலும் கூரான மூலையிலும் குவியும். அங்கே 200 டிகிரி காட்டும்போது நடுவில் 120கூட இருக்காது. சுருளின் வடிவம் முகப்பின் வடிவத்தைப் பின்தொடர வேண்டும். பீஸ் மாறினால் சுருளும் மாற வேண்டும். ஒரே பீஸை லட்சக்கணக்கில் ஓட்டுபவருக்கு இது பொருட்டில்லை. மாதத்துக்கு இருபது மோல்டு ஏற்றி இறக்கும் ஜாப் ஒர்க் கூடத்துக்கு ஒத்துவராது. இதன் நெருங்கிய உறவு ஒன்று உண்டு: சுருளே இல்லாமல், எதிரெதிரே நிற்கும் இரண்டு மோல்டுப் பாதிகளின் வழியே உயர் அதிர்வெண் மின்சாரத்தை எதிர்த்திசைகளில் செலுத்தினால், மின்னோட்டம் ஒன்றையொன்று பார்க்கும் முகங்களிலேயே குவியும். ஆய்வுக்கூடத்தில் அழகாக வேலை செய்கிறது.

அகச்சிவப்பு விளக்கு, சூடான வாயு, மின்கடத்தும் மெல்லிய பூச்சு ஆகிய மூன்றையும் விரைவாகக் கடந்துவிடலாம். அகச்சிவப்புக்கு ஒரு முரண்பாடு: மோல்டு எவ்வளவு பளபளப்போ அவ்வளவுக்குக் கதிரைத் திருப்பி அனுப்பும், வெல்ட் லைன் இல்லாமல் பளபளக்க வேண்டிய பீஸின் மோல்டுதான் மிகப் பளபளப்பானது. சூடான வாயு முறையில் மோல்டு முகத்தின்மேல் சூட்டுக் காற்றைப் பாய்ச்சுகிறார்கள். தைவானில் இதில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. காற்றுக்கு வெப்பத்தைச் சுமக்கும் திறன் குறைவு என்பதால் சிறிய, நுண்ணிய பீஸ்களுக்குத்தான் பொருந்தும். மெல்லிய பூச்சு கருத்தளவில் எல்லாவற்றையும்விடச் சிறந்தது, சூடாக வேண்டிய எடை ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனால் கண்ணாடி இழை கலந்த மெட்டீரியல் லட்சம் முறை உரசிப் போனாலும் உரியாத பூச்சாக இருக்க வேண்டும்.

சூடேற்றாமலே சூடாக்கும் முறை ஒன்று உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மோல்டு முகத்தில் வெப்பத்தை எளிதில் கடத்தாத மெல்லிய அடுக்கைப் பதித்தால், உருகிய பிளாஸ்டிக்கின் சூடு எஃகுக்குள் ஓடிப்போகச் சற்று நேரமாகும். நிரப்ப ஒரு நொடியோ இரண்டோதான் ஆகிறது. அந்த அவகாசம் தோல் உறையாமல் இருக்கப் போதும். பாலிஇமைடு, செராமிக் அடுக்குகளை முயன்றிருக்கிறார்கள். மின்சாரச் செலவே இல்லை. தேய்மானமும், கண்ணாடி போன்ற பாலிஷ் ஏற்க மறுப்பதும் குறைகள். குறைந்த எண்ணிக்கை ஓடும் மோல்டுக்கு இது இன்னும் கவனிக்கத்தக்கது என்றே சொல்ல வேண்டும்.

சூடேற்றுவது பாதி வேலை. ஏறிய சூட்டை இறக்குவது மறுபாதி, வடசென்னையில் உண்மையான சோதனை இதில்தான். வேகமாக ஏறி இறங்க வேண்டிய மோல்டில் குழாய்கள் முகப்புக்கு மிக அருகே, 8-10 மி.மீ. ஆழத்தில் ஓடும்; சாதாரண மோல்டில் இது 15-20 மி.மீ. இருக்கலாம். நேர்கோட்டில் போடும் டிரில் துளை வளைந்த முகப்பைப் பின்தொடராது என்பதால், உலோக 3டி அச்சில் இன்சர்ட்டை அச்சடித்து முகப்போடு வளைந்து செல்லும் குழாய்களை உண்டாக்குகிறார்கள். இரண்டு தட்டுகளில் காடி வெட்டி வெற்றிடத்தில் பிரேசிங் செய்து ஒட்டும் பழைய வழியும் இருக்கிறது. எந்த வழியில் செய்தாலும், மெல்லிய குழாய்க்குள் என்ன தண்ணீர் ஓடுகிறது என்பதுதான் கடைசியில் தீர்மானிக்கும்.

வள்ளூரை அடுத்த மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாகப் பதிவான விஷயம். காட்டுப்பள்ளியில் 2010ல் திறந்த மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது. அப்படி ஓர் ஆலை அங்கே வர நேர்ந்ததே நகரத்துத் தண்ணீர் நிலைமைக்குச் சாட்சி. போர் தண்ணீரை அப்படியே கூலிங் டவரில் ஊற்றி ஓட்டிய மோல்டு ஒன்றைக் கழற்றினால் தெரியும்: 8 மி.மீ. துளையின் வாயில் பழுப்பும் வெள்ளையுமாக மோதிரம் கட்டியிருக்கும், பென்சில் நுழையாது. 1 மி.மீ. சுண்ணப் படிவு வெப்பத்தைத் தடுப்பதில் 15 மி.மீ. எஃகுக்குக் குறையாதது. முகப்பிலிருந்து 8 மி.மீ.யில் குழாய் போட்டுப் பெற்ற லாபம் முழுவதும் அந்த மோதிரத்தோடு போயிற்று.

வேகச் சூடாக்கலில் இது இரட்டிப்பாக வேலை செய்யும். சுண்ணாம்பு உப்பு, சர்க்கரைக்கு நேர்மாறாக, சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும். அதனால் 130 டிகிரிச் சுவரில் படிவது 40 டிகிரிச் சுவரில் படிவதைவிட வேகம். காற்று ஊதியும் வெளியேறாத துளித் தண்ணீர் சூடான சுவரில் ஆவியாகும்போது உப்பு முழுவதும் அங்கேயே தங்கும். தண்ணீரில் குளோரைடு இருந்தால் மோல்டு செய்யும் பி20 எஃகு துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகையும் புள்ளிப்புள்ளியாக அரிக்கும். தினமும் ஆயிரம் முறை விரிந்து சுருங்கும் எஃகில் அப்படி ஒரு புள்ளி போதும், அங்கிருந்து விரிசல் தொடங்கி முகப்பை நோக்கி நடக்கும். மோல்டுக்கென்று தனியே மூடிய சுற்று, சுத்திகரித்த தண்ணீர், துருத் தடுப்பான், மாதம் ஒருமுறை பாய்ச்சல் அளவு பார்ப்பது இவையெல்லாம் இங்கே ஆடம்பரம் ஆகாது. பாய்லர் வாங்கப் பட்ஜெட் போடுபவர் தண்ணீருக்கும் அதே தாளில் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

குளிர்நீர் எவ்வளவு சில்லென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பும் கடலோரத்தில் செல்லாது. மழைக்காலச் சென்னையில் காற்றின் பனிநிலை 24, 25 டிகிரியைத் தொடும். சில்லரை 12 டிகிரிக்கு வைத்தால் மோல்டு திறக்கும்போதெல்லாம் வியர்க்கும். அந்தத் துளி பீஸில் கோடாகவும் எஃகில் துருவாகவும் மாறும். ஏற்றி இறக்கும் மோல்டில் முகப்பு பெரும்பாலான நேரம் சூடாக இருப்பதால் அந்தப் பக்கம் தப்பித்துக்கொள்ளும். நிலையாகக் குளிரில் கிடக்கும் மறுபாதி, அதாவது பீஸின் உட்புறத்தைத் தரும் கோர் பக்கந்தான் நனையும்.

கோர் பக்கம் குளிராகவே இருப்பதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் முகம் கேவிட்டிப் பக்கம்; அதை மட்டும் ஏற்றி இறக்கினால் சூட்டுச் செலவு பாதி. ஆனால் 400 மி.மீ. நீளமுள்ள கேவிட்டி கோரைவிட 80 டிகிரி சூடாக இருந்தால், அது 0.38 மி.மீ. கூடுதலாக நீளும். கைடு பின்னுக்கு இருக்கும் இடைவெளி அதில் சிறு பங்குகூட இல்லை. மோல்டு இறுகும், பின் தேயும், ஒருநாள் மூட மறுக்கும். எனவே சூடாகும் இன்சர்ட்டை நடுவில் மட்டும் பொருத்தி, சுற்றிலும் காற்று இடைவெளி விட்டு, பின்னால் காப்புத் தகடு வைத்து, அடிமோல்டு குளிராகவே இருக்கும்படி செய்கிறார்கள். கையில் கிடைக்கும் சாதாரண ஹைலம் ஷீட்டை அங்கே வைத்தால் இந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் நாளடைவில் கருகி அமுங்கும். கண்ணாடி இழை கலந்த உயர் வெப்பத் தகடுதான் தாங்கும். இரண்டு பாதிகளும் சேரும் பார்ட்டிங் லைன் பொருத்தமும் வழக்கத்தைவிட இறுக்கமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உறையாத தோல் சின்னச் சந்தில்கூட நுழைந்து ஃப்ளாஷ் ஆகும்.

இவ்வளவு செய்து என்ன மிச்சம்? பெயின்ட். வெல்ட் லைனை மறைக்கவே பெயின்ட் அடிக்கும் பீஸுக்கு, பெயின்ட், தின்னர், மாஸ்கிங், அடுப்பு, திரும்பி வரும் ரிஜெக்ட் என்று எல்லாவற்றையும் கூட்டினால் மோல்டிங் செலவையே தாண்டிவிடக்கூடும். சூட்டுக்கான செலவு முறையைப் பொறுத்தது. முன்பு சொன்ன 100 கிலோவையும் ஏற்றினால் ஷாட்டுக்கு ஒரு யூனிட்; மேல்தோல் 7 கிலோவை மட்டும் ஏற்றினால், இழப்பு இரட்டிப்பு என்று வைத்தாலும், 0.15 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டால் எட்டு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் இருபது காசுக்கும் உள்ள வித்தியாசம். உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர் உச்சத் தேவைக் கட்டணத்தையும் பார்க்க வேண்டும்; இரண்டு மெஷினின் ஹீட்டர்கள் ஒரே நேரத்தில் இழுக்காதபடி கன்ட்ரோலர்களை முறை வைத்து ஓட்டினால் அந்தக் கட்டணம் ஏறாது. இந்தப் பகுதிக்குப் பெயின்டைத் தவிர்ப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 2009ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதே வடசென்னையின் மணலியைக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. தின்னர் ஆவியைக் காற்றில் விடும் இன்னொரு பெயின்ட் பூத்துக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

எல்லா பீஸுக்கும் இது தேவையில்லை. வாளி, கிரேட், மூடி, பின்பக்கம் மறைந்துபோகும் பிராக்கெட் ஆகியவற்றுக்கு வேகச் சூடாக்கல் வீண் செலவு. ஏபிஎஸ்ஸில், பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாயான கேட்டை இடம் மாற்றி வெல்ட் லைனைக் கண்ணில் படாத ஓரத்துக்குத் தள்ள முடியுமானால் அதை முதலில் செய்ய வேண்டும். அதற்கு மோல்டு டிசைனரின் ஒரு பிற்பகல்தான் செலவு. ஒளி கடத்தும் தகடு, நுண்ணிய கோடுகள் பதிய வேண்டிய மருத்துவச் சில்லு, கண்ணாடி இழை கலந்தும் பளபளக்க வேண்டிய கவர், நுரைத்த பிளாஸ்டிக்கில் சுழல் தழும்பு இல்லாமல் வர வேண்டிய பேனல் ஆகியவற்றுக்கு மாற்று வழி அதிகம் இல்லை.

முறை எதுவானாலும் வெப்பநிலையை அளக்கும் இடம் ஒன்றே: முகப்பிலிருந்து 2-3 மி.மீ. ஆழத்தில் பதித்த தெர்மோகப்பிள். யூனிட்டின் திரையில் தெரிவது அதிலிருந்து வெளியேறும் தண்ணீரின் சூடு. முகப்பு அதற்குப் பல நொடி பின்தங்கி வரும். நேரத்தை வைத்து இன்ஜெக்‌ஷனைத் தொடங்கும்படி மெஷினைச் செட் செய்தால், காலை ஷிப்ட்டின் முதல் ஷாட்டுகளும் மதிய ஷாட்டுகளும் வெவ்வேறு சூட்டில் நிரம்பும். முகப்பின் தெர்மோகப்பிள் குறித்த அளவைக் காட்டினால்தான் ஸ்க்ரூ முன்னே வர வேண்டும் என்று சிக்னலை இணைத்துவிட்டால், படிவு சேர்ந்து சூடேறும் நேரம் 20 நொடியிலிருந்து 24 ஆனதும் சைக்கிள் டைமில் தெரிந்துவிடும். குழாயைக் கழுவ வேண்டிய நாளை அந்த நான்கு நொடியே சொல்லும்.